பகடையை விட்டு வயலுக்கு வரட்டும் கணக்கு

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் எட்டாவதாக, கடைசியாக வரும் பாடம் 'புள்ளியியலும் நிகழ்தகவும்'. கடைசியில் இருப்பதாலேயே, தேர்வு நெருங்கும் அவசரத்தில் திட்ட விலக்கத்துக்கு ஒரு சூத்திரம், இரண்டு பகடைக்கு 36 விளைவு, சீட்டுக்கட்டுக்கு 52 என்று மனப்பாடமாகச் சுருங்கிவிடும் ஆபத்து அதற்கு உண்டு. வீட்டில் சீட்டைத் தொட்டால் அடி விழும். தேர்வில் டைமண்ட் எத்தனை என்று தெரியாவிட்டால் மதிப்பெண் போகும்!

திருவள்ளூர் மாவட்டத்தின் திருவாலங்காடு வட்டார மாணவர்களுக்குப் பகடையைவிட நல்ல பாடம் பக்கத்து வயலில் இருக்கிறது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016இல் வந்தது. அதில் நெல் மகசூல் குறைந்ததா என்று ஒவ்வொருவர் வயலாகப் பார்ப்பதில்லை. குலுக்கல் முறையில் சர்வே எண்களை எடுத்து, 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து, அங்கே விளைந்ததை அறுத்து எடை போடுகிறார்கள். கிராமத்தை ஓர் அலகாகக் கொண்டால் குறைந்தது நான்கு அறுவடைப் பரிசோதனை. நான்கையும் சேர்த்தாலும் நூறு சதுர மீட்டர்தான். ஏறக்குறைய இரண்டரை சென்ட். அதில் வரும் சராசரியை, முந்தைய ஏழு ஆண்டுகளில் நன்றாக விளைந்த ஐந்தின் சராசரியை வைத்துக் கணக்கிட்ட உத்தரவாத மகசூலோடு ஒப்பிடுகிறார்கள். குறைந்தால் காப்பீடு செய்த எல்லோருக்கும் இழப்பீடு. குறையாவிட்டால், புகையான் பூச்சி தின்று தீர்த்த வயல்காரருக்கும் கிடையாது.

இரண்டரை சென்ட் ஒரு கிராமத்துக்கே சாட்சி சொல்லுமா? உண்மையாகவே குலுக்கித்தான் எடுத்தார்கள் என்றால் ஓரளவு சொல்லும். பாதையோரம், வசதியான வயல், வேண்டியவர் வயல் என்று பார்த்து எடுத்திருந்தால் சொல்லாது. நான்கு எடையும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி நிற்கின்றன என்று பார்க்காமல் சராசரியை மட்டும் நம்பவும் முடியாது. திட்ட விலக்கம் எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

குலுக்கி எடுத்து அறுத்துப் பார்க்கும் இந்த முறை இந்தியாவிலேயே வளர்ந்தது என்பதையும் வகுப்பில் சொல்லலாம். 1920களில் பீகார்-ஒரிசாவில் ஆங்கிலேய அதிகாரி ஹப்பக் தொடங்கிவைத்தார். 1940களில் புள்ளியியலாளர்கள் மகலனோபிஸும் சுகாத்மேயும் அறுவடைத் துண்டின் அளவைப் பற்றி மோதிக்கொண்டார்கள். சிறிய வட்டமே போதும் என்றார் மகலனோபிஸ். சிறிய வட்டத்தில் விளிம்புப் பயிரையும் உள்ளே சேர்த்து அறுத்துவிடுவார்கள், மகசூல் கூடுதலாகத் தெரியும் என்றார் சுகாத்மே. எட்டு மதிப்பெண் கணக்கைவிட இந்தச் சண்டை சுவையானது.

கரும்பு விலையிலும் சராசரிதான் பேசுகிறது. திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பது திருவாலங்காட்டில். 2024-25 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை, 10.25 சதவீதப் பிழிதிறனுக்கு (கரும்பு எடையில் கிடைக்கும் சர்க்கரையின் பங்கு) டன்னுக்கு 3,400 ரூபாய்; 9.5 அல்லது அதற்கும் கீழே என்றால் 3,151. முக்கால் புள்ளிக்கு 249 ரூபாய் வித்தியாசம். அந்தப் பிழிதிறனோ ஆலையின் சராசரி, தனி விவசாயியின் கரும்புக்கு உரியதல்ல.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலைக்குப் போகிறவர்களுக்கும் இந்தப் புள்ளியியல் உதவும். ஆலைகளில் தரக் கட்டுப்பாட்டுக்குப் பயன்படும் வரைபடத்தைப் பொறியாளர் ஷூஹார்ட் அமெரிக்காவில் வரைந்தது 1924இல். நூறு ஆண்டு கடந்தும் நம் பத்தாம் வகுப்பு நாணயம் சுண்டிக்கொண்டிருக்கிறது.

நியூசிலாந்து 2007இலேயே பாடத்தின் பெயரை 'கணிதமும் புள்ளியியலும்' என்று மாற்றிவிட்டது. நமக்குப் பெயர் மாற்றம் தேவையில்லை. அறிவியலுக்குச் செய்முறைத் தேர்வுக்கென 25 மதிப்பெண் ஒதுக்க முடிந்த பள்ளிக் கல்வித் துறை, கணக்குக்குப் பத்து மதிப்பெண்ணாவது ஒதுக்க வேண்டும். மாணவர்கள் பூண்டி ஏரியின் அன்றாட நீர்மட்டத்தையோ, தங்கள் ஊர் அறுவடைப் பரிசோதனையின் எடைகளையோ திரட்டி, கணக்கிட்டு, அதற்கு என்ன பொருள் என்று இரண்டு பக்கம் எழுதட்டும். வேளாண் துறையும் புள்ளியியல் துறையும் கிராமவாரி எடை விவரங்களைப் பள்ளிகளுக்குத் தர வேண்டும். அடுத்த கல்வியாண்டிலேயே திருவள்ளூர் மாவட்டத்தில் இதைத் தொடங்கலாம். புதிய கட்டடமோ கருவியோ இதற்குத் தேவையில்லை.