தூக்க இயலாத கை

ஊரிலிருந்து பேரக் குழந்தைகளைக் காண வந்த பாட்டியார், மழைக் காலத்தில் ஈரப்படியில் கால் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்துவிடுகிறார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எலும்பு முறியவில்லை. வீட்டார் நிம்மதிப் பெருமூச்சு விடுகின்றனர். சுளுக்கு என்று எண்ணித் தைலம் தேய்க்கின்றனர். மாதம் மூன்று கடந்தும் பாட்டியாரால் கூந்தலை வாரி முடிய இயலவில்லை. அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுக்க முடியவில்லை. அந்தப் பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் இரவில் வலி தூங்க விடுவதில்லை. “வயதானால் இப்படித்தானே!” என்று அவரே சமாதானமும் சொல்லிக் கொள்கிறார். இருசக்கர வண்டிகள் மலிந்த நம் புனே நகரில், வண்டியிலிருந்து விழுந்த பெரியவர்களுக்கும் இதே கதை நேர்வதுண்டு.

எலும்பு முறியவில்லை என்பதனாலேயே தோள் நலமாக உள்ளது என்று ஆகிவிடாது. மேற்கை எலும்பின் தலையை நான்கு தசைகளின் நாண்கள் ஒரு குல்லாயைப் போலக் கவிந்து பற்றிக் கொண்டிருக்கின்றன. இதனை மருத்துவர் ‘ரொட்டேட்டர் கஃப்’ என்பர். கையை உயர்த்தும்பொழுது எலும்பின் தலை கிண்ணத்தைவிட்டு நழுவாமல் நடுவில் நிறுத்துவது இக்குல்லாயின் வேலை. அது கிழிந்தால், வெளிப்புறத்துப் பெரிய தசையாகிய டெல்டாயிட் எவ்வளவு இழுத்தாலும் எலும்பு மேல்நோக்கி ஏறுமேயன்றிக் கை உயராது. கிழிவு ஐந்து சென்டிமீட்டரை எட்டினாலோ, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாண்கள் அறுந்தாலோ அதனைப் பெருங்கிழிவு என்று வகைப்படுத்துவர்.

வீட்டிலேயே கவனிக்கத்தக்க ஓர் அடையாளம் உண்டு. தாமாகக் கையை உயர்த்த இயலாதவரின் கையைப் பிறர் மெல்லத் தூக்கினால் எளிதில் உயருமானால், நாண் கிழிந்திருக்கலாம் என ஐயுற வேண்டும். பிறர் தூக்கினாலும் உயராமல் இறுகி நின்றால், அது பெரும்பாலும் ‘உறைந்த தோள்’ எனப்படும் வேறொரு நோய். நீரிழிவு உள்ளவர்களுக்கு அது மிகுதியாக வருவது. ஆயினும் இதனை வைத்து நாமே முடிவு கட்டிவிடலாகாது. அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. படமே உண்மையை உரைக்கும்.

கிழிவு என்றதும் கத்தி என்று அஞ்சவும் வேண்டுவதில்லை. அறுபது வயதைக் கடந்தோர் பலருக்கு, வலி சிறிதும் இன்றியே நாண் தேய்ந்து கிழிந்திருப்பதுண்டு. நாட்பட்ட கிழிவுகளில் மூன்று மாதம் முறையான உடற்பயிற்சி செய்தே நலம் பெறுவோர் பலர். ஆனால் நேற்று வரை நன்றாக இருந்த தோள், விழுந்தவுடன் செயலற்றுப் போயிருந்தால் நிலைமை வேறு. அப்போது காலமே பெருஞ்செல்வம். அறுந்த நாண் நாளடைவில் உள்வாங்கிச் சுருங்கும். பயன்படாத தசையினுள் கொழுப்புப் படியும். பிரான்சு நாட்டு மருத்துவர் கூட்டாலியே இக்கொழுப்பின் அளவைப் படிநிலைகளாக வகுத்து 1994-இல் வெளியிட்டார். மேற்படிகளை எட்டிய தசை, நாணைத் தைத்தாலும் பழைய வலிமைக்குத் திரும்புவது அரிது. ஆகவே தைலத்தில் கழியும் மாதங்கள் வெறும் மாதங்கள் அல்ல. தைக்கக்கூடிய கிழிவைத் தைக்க இயலாததாக மாற்றும் மாதங்கள்.

தைக்கத்தக்க நிலையில் இருப்பின், சிறு துளைகளின் வழியே கருவியைச் செலுத்தி, எலும்பில் சிறு ஆணிகளை ஊன்றி, அவற்றின் நூலால் நாணை இருந்த இடத்திலேயே கட்டுவர். முழுதும் தைக்க இயலாவிடில் இயன்ற அளவு தைப்பதும் உண்டு. வயது குறைந்தவர்களுக்கு முதுகுத் தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தும் முறையைச் சுவிட்சர்லாந்தின் கெர்பர் 1988-இல் விவரித்தார். தசை முற்றும் கெட்டு மூட்டும் தேய்ந்த முதியவர்களுக்குப் பிரான்சின் கிராமோன் 1985-இல் ஒரு புது வழி கண்டார். பந்து இருந்த இடத்தில் கிண்ணத்தையும், கிண்ணம் இருந்த இடத்தில் பந்தையும் அமைக்கும் ‘தலைகீழ்த் தோள் மூட்டு’ அது. குல்லாய் இல்லாமலேயே டெல்டாயிட் தசை கையை உயர்த்த அது துணை செய்கிறது. அத்தசையும் அதன் நரம்பும் நன்னிலையில் இருந்தால்தான் அது பயன்படும். கிருமித் தொற்றும் மூட்டு விலகலும் அதில் நேரக்கூடிய இடர்கள்.

பெருங்கிழிவைத் தைத்த பின்னும் நாண் மீண்டும் கிழிவது அரிதன்று என்பதை மறைப்பதில் பயனில்லை. அப்படிக் கிழிந்தோரிலும் பலருக்கு வலி குறைந்தே இருக்கிறது என்பது ஆறுதல். தோள் நாண் தைப்பு பற்றி 1911-இல் எழுதிய பாஸ்டன் நகரத்து மருத்துவர் காட்மன், ஒவ்வொரு நோயாளியும் பின்னர் என்ன ஆனார் என்று மருத்துவமனை கணக்கு வைத்துக் கொள்ள வேண்டுமென்று வாதாடியவர். அக்கொள்கையை முன்னிட்டே 1914-இல் தம் மருத்துவமனைப் பதவியைத் துறந்தார். அவர் வழியில் நாமும் மருத்துவரைப் பணிவுடன் கேட்கலாம்: “தசையில் கொழுப்பு எவ்வளவு? தைத்தால் நிலைக்குமா? இதுபோன்றவை உங்களிடம் எப்படி முடிந்துள்ளன?” நல்ல மருத்துவர் இக்கேள்விகளுக்குச் சினங்கொள்ளமாட்டார்.

கிரிக்கெட் வீரர் டெண்டுல்கர் 2006 மார்ச்சில் லண்டனில் தோள் அறுவை செய்துகொண்டு, மேற்கிந்தியத் தீவுப் பயணத்தைத் துறந்து காத்திருந்து, செப்டம்பரில் கோலாலம்பூரில் ஆட்டமிழக்காமல் 141 ஓட்டங்கள் எடுத்ததை அறிவோம். அவருடைய இளமையும் பயிற்சியும் நம் முதியோர்க்கு இல்லை. எனினும் பொறுமை அனைவர்க்கும் பொது. தைத்தபின் நான்கு முதல் ஆறு வாரம் கை தூளியில் இருக்கும். வலிமை திரும்ப ஆறு மாதமும் அதற்கு மேலும் ஆகும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் புகையை விடுவதும் நாண் ஒட்டுவதற்கு இன்றியமையாதவை.

இறுதியாக ஒன்று. இங்கே பயிற்சியாளர் மராத்தியிலோ இந்தியிலோ சொல்வதைக் கேட்டுத் தலையசைக்கும் நம் வீட்டுப் பெரியவர், புரியவில்லை என்று சொல்லக் கூச்சப்படுவார். மகனோ மருமகளோ உடன் சென்று, ஒவ்வொரு பயிற்சியையும் எத்தனை முறை, எப்போது என்று தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். தையல் போடுவது மருத்துவர் கையில் இருக்கிறது. அது பலன் தருவது அந்தத் தாளின் முன் நாள்தோறும் அவருடன் நிற்கும் நம் கையில் இருக்கிறது.