ஒரு மில்லிமீட்டர் வெண்கலம்

ஏதென்ஸ் நகரில் பிஸ்டியாஸ் என்று ஒரு கவசத் தொழிலாளி இருந்தார். ஒரு நாள் அவருடைய பட்டறைக்குள் சாக்ரடீஸ் நுழைந்தார். மார்புக் கவசங்களைப் பார்த்துவிட்டு வழக்கம்போல ஒரு கேள்வி போட்டார். மற்றவர்கள் செய்வதைவிட இவை உறுதியானவை அல்ல. செய்ய அதிகச் செலவும் இல்லை. விலை மட்டும் ஏன் கூடுதல்? அளவு சரியாக இருப்பதால்தான் என்றார் பிஸ்டியாஸ். சாக்ரடீஸ் விடவில்லை. உடம்பே அளவு கெட்டதாக இருந்தால்? அந்த உடம்புக்குப் பொருந்தும்படி செய்வேன், பொருந்துவதுதான் அளவு என்று பதில் வந்தது. பொருந்தாத கவசம் தோளில் தொங்கி அழுத்தும். பொருந்திய கவசமோ கழுத்தெலும்பு, தோள், மார்பு, முதுகு, வயிறு என்று எடையைப் பங்கு போட்டுக் கொடுத்துவிடும், சுமையாகவே தெரியாது. ஸெனஃபோன் எழுதி வைத்திருக்கும் இந்த உரையாடலில் சாக்ரடீஸ் பொழுதுபோகாமல் பேசவில்லை. அவரே காலாட்படை வீரராக மூன்று போர்களுக்குப் போனவர்.

அந்தப் பட்டறை வேலையை இன்று தங்கள் கொல்லைப்புறத்தில் செய்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று பல இடங்களில் பழங்காலப் போர்முறையை நடத்திக் காட்டும் குழுக்கள் உண்டு. அவற்றில் சேர்கிற பலருக்குக் கிரேக்க வீரனின் உடுப்பு மீதுதான் கண். மூக்குவரை இறங்கும் தகடும் வாதுமை வடிவக் கண்துளைகளும் கொண்ட கொரிந்தியத் தலைக்கவசம், மார்புத் தசைகளைப் பிரதி எடுத்தது போன்ற கவசம், கணைக்காலைக் கவ்விப் பிடிக்கும் தகடு. இவற்றின் நகல்கள் கடையில் கிடைக்கும். நம் டேராடூனிலேயே இத்தகைய கவசங்கள் ஏற்றுமதிக்காகச் செய்யப்படுகின்றன. ஆனால் தானே செய்து பார்த்துவிடுவது என்று கிளம்புகிறவர் முதல் நாளே ஒரு தவறு செய்கிறார். தடித்த இரும்புத் தகடு வாங்கி வந்துவிடுகிறார்.

தடிமன்தான் பாதுகாப்பு என்று நினைப்பது இயல்பு. கிரேக்கர்கள் அப்படி நினைக்கவில்லை. இன்று எஞ்சியிருக்கும் மார்புக் கவசங்களின் தடிமன் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது. கேடயத்தின் மேல் போர்த்திய வெண்கலம் அதைவிட மெல்லியது. உறுதியெல்லாம் உள்ளே இருந்த மரத்தில். தலைக்கவசத்தில்கூடத் தடிமன் ஒரே சீராக இல்லை. அடி விழும் மூக்குத் தகடு கனமாக இருக்கும், பக்கங்கள் மெலிந்திருக்கும். எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் உலோகம். மிச்சத்தைச் சுத்தியல் பார்த்துக்கொண்டது. ஏறக்குறைய ஒன்பது பங்கு செம்பும் ஒரு பங்கு வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலம் அடிக்க அடிக்க இறுகும். கடைசியாக விழுந்த அடிகள் தருகிற அந்த இறுக்கம்தான் ஈட்டியைத் தடுத்தது.

இது வெறும் தொழில் நுணுக்கம் என்று ஒதுக்க முடியாது. வரலாற்றின் பழைய வழக்கு ஒன்று இந்த எடையை நம்பித்தான் நடக்கிறது. கி.மு. 490இல் மாரத்தான் சமவெளியில் ஏதென்ஸ் வீரர்கள் எட்டு ஸ்டேடியா தூரம், அதாவது சுமார் ஒன்றரை கிலோமீட்டர், ஓடியே போய்ப் பாரசீகப் படையைத் தாக்கினார்கள் என்கிறார் ஹெரோடோட்டஸ். 1970களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் மீது எடையேற்றி ஓடவிட்டுப் பார்த்தார்கள். முடியாத காரியம் என்று முடிவு சொன்னார்கள். அப்படியானால் ஹெரோடோட்டஸ் கதை விட்டாரா? ஒரு வீரனின் முழுச் சுமை 30 கிலோவையும் தாண்டும் என்றே பலர் எழுதி வந்த காலம் அது. எஞ்சியிருக்கும் கவசங்களின் எடையை மறுபடி கணக்கிட்ட பீட்டர் கிரென்ட்ஸ், மாரத்தான் போர் பற்றி 2010இல் எழுதிய நூலில் அதை ஏறக்குறைய 20 கிலோ அளவுக்கு இறக்கினார். ஓட்டம் மறுபடியும் நம்பக்கூடியதாயிற்று. மூன்று மில்லிமீட்டர் இரும்பில் கவசம் செய்து போட்டுக்கொண்டு, ‘இதைப் போட்டுக்கொண்டு எவன் ஓடுவான்?’ என்று கேட்கிறவர் தெரியாமலே ஹெரோடோட்டஸுக்கு எதிராகப் பொய்ச் சாட்சி சொல்கிறார்.

உண்மைச் சாட்சி சொன்ன நகலும் உண்டு. மைசீனி அருகே டென்ட்ரா கிராமத்தில் 1960இல் ஒரு கல்லறையைத் திறந்தபோது, கி.மு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முழு வெண்கலக் கவசம் கிடைத்தது. கழுத்திலிருந்து தொடைவரை அடுக்கடுக்கான தகடுகள். கூடவே பன்றிக் கொம்பு பதித்த தலைக்கவசம். இப்போது நாஃப்ளியோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்ப்பதற்குத் தகரப் பீப்பாய்க்குக் கை முளைத்தது போலிருக்கும். இதைப் போட்டுக்கொண்டு யாராவது சண்டை போட்டிருக்க முடியுமா, அல்லது ஊர்வலத்துக்கான அலங்காரமா என்ற சந்தேகம் பல்லாண்டுகள் தீரவில்லை. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்த்தால் தீராது. 1980களில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஒரு கலைக் கல்லூரியில் இதற்கு ஒரு நகல் செய்யப்பட்டது. கிரேக்கத்தின் தெஸ்ஸாலி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் ஃப்ளூரிஸ் குழுவினர், அந்நாட்டுக் கடற்படை வீரர்கள் 13 பேருக்கு அத்தகைய நகலை அணிவித்து, இலியட் காவியத்தின் போர் வருணனைகளைக் கொண்டு வகுத்த 11 மணி நேரப் பயிற்சியில் இறக்கினார்கள். வீரர்கள் களைத்தார்கள், ஆனால் கடைசிவரை தாக்குப்பிடித்தார்கள். போருக்கு உதவும் கவசம்தான் என்று 2024இல் முடிவு வெளியானது. யாரோ சிலர் பொறுமையாகத் தகடு வெட்டி அடித்திருக்காவிட்டால் இந்தப் பதில் கிடைத்திருக்காது.

எனவே தொடங்குகிறவர் மெல்லிய தகட்டில் தொடங்க வேண்டும். சிறியதிலும் தொடங்க வேண்டும். எடுத்த எடுப்பில் கொரிந்தியத் தலைக்கவசம் வேண்டாம். ஒரே தகட்டைக் குடமாகக் குவித்து, கன்னமும் மூக்கும் இறக்குவது கைதேர்ந்தவர்களுக்கே சவால். பெர்லினில் உள்ள சோசியாஸ் கிண்ணத்தில், அடிபட்ட பட்ரோக்ளஸுக்கு அக்கிலீஸ் கட்டுப் போடும் காட்சி தீட்டப்பட்டிருக்கிறது. கி.மு. 500ஐ ஒட்டிய ஓவியம். இருவர் அணிந்திருப்பதும் மீன் செதில் போலத் தகடுகள் அடுக்கிய கவசம். செதில் செய்ய உலை தேவையில்லை. தகடு வெட்டும் கத்திரி, அரம், துளையிடும் கருவி, தடித்த துணி, நூல் போதும். நூறு செதில் வெட்டி ஓரத்தை அரத்தால் மழுக்கி முடிப்பதற்குள் கைக்கு உலோகத்தின் குணம் புரிந்துவிடும்.

அடுத்த படி குழித்தல். வெள்ளீயம் கலந்த வெண்கலத் தகடு எளிதில் கிடைக்காது. பித்தளை கிடைக்கும், நிறமும் ஒத்துப்போகும். ஈயம் கலந்த பித்தளை மட்டும் கூடாது, வளைக்கும்போதே வெடிக்கும். மரக்கட்டையில் ஒரு குழி வெட்டி, தகட்டை அதன்மேல் வைத்து, உருண்டை முகச் சுத்தியலால் விளிம்பிலிருந்து உள்நோக்கி வட்டமாக அடித்து வரவேண்டும். நடுவிலேயே அடித்தால் நடு மெலிந்து ஓட்டையாகும். சிறிது நேரத்தில் ஓசை மாறும். மந்தமாக ஒலித்த தகடு கணீரென்று ஒலிக்கும், சுத்தியல் துள்ளும். உலோகம் இறுகிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் அடித்தால் விளிம்பு கிழியும். மங்கலான வெளிச்சத்தில் இலேசாகச் சிவக்கும்வரை சூடாக்கி ஆறவிட்டால் மறுபடி இளகும். தண்ணீரில் தோய்த்தாலும் கெடாது. எஃகு தோய்த்தால் இறுகும், பித்தளை அப்படியல்ல. ஆனால் சிவந்திருக்கும்போது அடிக்கக்கூடாது. அடி, இளக்கு, மறுபடி அடி. ஒரு கிண்ணம் உருவாகப் பலமுறை இப்படி.

இந்த வித்தையைப் பார்க்கக் கிரேக்கத்துக்குப் போகவேண்டியதில்லை. பஞ்சாபின் ஜண்டியாலா குருவில் தத்தேரா சமூகத்தார் செம்பு, பித்தளைத் தகடுகளைச் சூடாக்கி அடித்து அண்டாவும் குண்டாவுமாக ஆக்குகிறார்கள். 2014இல் யுனெஸ்கோ இந்தக் கலையைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. கறுத்த பாத்திரத்தை அவர்கள் மெருகேற்றுவது மணலும் புளிக்கரைசலும் கொண்டு. குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும் எந்த வீட்டுக்கும் தெரிந்த வேதியியல்தான்.

ஆபத்துகளையும் சொல்லியாக வேண்டும். பித்தளையை அளவுக்கு மீறிச் சூடாக்கினால் அதிலுள்ள துத்தநாகம் வெண்புகையாகக் கிளம்பும். சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு இன்னும் மோசம். அதை நெருப்பருகே கொண்டுபோகவே கூடாது. சூடாக்குவது திறந்த வெளியில்தான். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான் அவசியம். வெட்டிய தகட்டு விளிம்பு கத்திக்குச் சளைத்ததல்ல. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஞாயிறு மதியம் சுத்தியல் எடுப்பவருக்கு வேறு ஆபத்துகளும் உண்டு.

உருவம் வந்தபின் எஞ்சுவது பிஸ்டியாஸ் சொன்ன விஷயம். பழைய தலைக்கவசங்கள் பலவற்றின் விளிம்பில் வரிசையாகச் சிறு துளைகள் இருக்கும். உள்ளே மெத்தை வைத்துத் தைத்ததன் அடையாளம். அதற்கு இடம் விடாமல் தலையளவுக்கே அடித்தவர் கவசத்தை அலமாரியில் வைக்க வேண்டியதுதான். கணைக்கால் கவசம் பொருந்தினால் வாரே இல்லாமல் தன் இறுக்கத்திலேயே நிற்கும்; பொருந்தாவிட்டால் நான்கடியில் நழுவும். கி.மு. 326இல் ஜீலம் கரையில் அலெக்ஸாண்டரை எதிர்த்த போரஸைப் பற்றி எழுதும்போது, கிரேக்க வரலாற்றாசிரியர் அர்ரியன் ஒன்றைக் குறிப்பிடுகிறார். உறுதியிலும் பொருத்தத்திலும் சிறந்த மார்புக் கவசம் அந்த மன்னரைக் காத்தது. கவசம் மூடாத வலது தோளில்தான் காயம் பட்டது. கிரேக்கர் ஒருவர் இந்தியக் கவசத்துக்குத் தந்த நற்சான்றிதழிலும் அதே சொல்தான்: பொருத்தம்.

வேலை முடிந்ததும் பலர் அதைப் பச்சைக் களிம்பேற்றிப் பழையதாக்கப் பார்க்கிறார்கள். அங்கேதான் எச்சரிக்கை தேவை. இன்றைய நகல் நாளை யாரோ ஒருவர் கையில் பழம்பொருளாக விலைபோகலாம். ஒலிம்பியா அருங்காட்சியகத்தில் அடிபட்டு நசுங்கிய தலைக்கவசம் ஒன்று இருக்கிறது. மில்டியாடிஸ் இதை ஸீயஸுக்குக் காணிக்கையாக்கினார் என்று அதன் விளிம்பில் எழுத்து. மாரத்தானில் படை நடத்தியவரின் பெயர் அது. கொல்லைப்புறத்தில் முதல் கவசத்தை அடித்து முடித்தவரும் அந்த வழக்கத்தைப் பின்பற்றலாம். உள்பக்கத்தில் தன் பெயர், ஆண்டு, தகட்டின் தடிமன், மொத்த எடை. நான்கையும் ஆணியால் கீறி வைத்துவிட்டால் அது யாரையும் ஏமாற்றாது.