இலக்கணத்தில் அவசரம் ஆகாது

இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் பாஷையில் பல ஃபங்ஷன்களை ஒன்றனுள் ஒன்றாக அடைப்புக்குறிகளுக்குள் பொதிந்து எழுதினால், முதலில் நிகழும் காரியம் நடுவில் மறைந்தும், இறுதியில் நிகழ்வது முகப்பில் நின்றும் வாசிப்பவரைத் தடுமாறச் செய்வதால், ஒன்றன் விளைவை அடுத்ததற்கு இடமிருந்து வலமாகக் கடத்தும் ‘பைப்லைன்’ குறியொன்றை இலக்கணத்தில் சேர்க்க வேண்டுமென்று பல வருஷங்களாக விவாதம் நடந்து வருகிறது. அப்பாஷையின் இலக்கணத்தை வகுக்கும் எக்மா அமைப்பின் டி.சி.39 குழு 2021இல் இதை இரண்டாம் கட்டத்துக்கு ஏற்றிய பின்னும், நான்காம் கட்டமாகிய பூரண அங்கீகாரம் கிட்டாமையால் குழுவின் மந்தகதியை நிந்திப்போர் அநேகர். அந்த நிந்தனை நியாயமன்று என்பது என் அபிப்பிராயம்.

விவாதத்தில் இரு பட்சங்கள் உண்டு. எஃப் ஷார்ப் பாஷையைப் பின்பற்றுவோர், குறிக்கு வலப்புறம் ஒரே மதிப்பை ஏற்கும் ஃபங்ஷன் நின்றால் போதும் என்கின்றனர். சிக்கனமே அதன் அழகு. ஹேக் பாஷையைப் பின்பற்றுவோரோ, வந்து சேரும் மதிப்பு அமர வேண்டிய ஸ்தானத்தை ஓர் இடக்குறியால் காட்டிவிட்டால், கூட்டலும் கழித்தலும், தாமதமாக வரும் விடைக்குக் காத்திருக்கும் ‘அவெயிட்’டும் தடையின்றி அமையும் என்கின்றனர். குழு பின்னதையே தேர்ந்தது. அது சரியென்றே தோன்றுகிறது. ஆயினும் அந்த இடக்குறி எது என்பதில்தான் சிக்கல்: சதவீதக் குறி வகுத்தலில் மீதி காண்பதற்கும், ஹாஷ் குறி கிளாஸின் அந்தரங்க மதிப்புகளைக் காட்டுவதற்கும் ஏற்கெனவே உரியவை ஆகிவிட்டன.

பி.எச்.பி. பாஷை, மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டுமென்ற தன் விதியின்படி முடிவுசெய்து, 2025இல் வந்த 8.5 பதிப்பில் பைப் குறியைச் சேர்த்துக்கொண்டதே என்று சிலர் ஆட்சேபிக்கலாம். பி.எச்.பி. நிரல் தளத்தை நடத்துபவரின் சர்வரில் ஓடுவது; எந்தப் பதிப்பை வைத்துக்கொள்வது என்பது அவர் இஷ்டம். ஜாவாஸ்கிரிப்டோ படிப்பவரின் பிரௌசரில் ஓடுவது. எப்போதோ எழுதி எவரும் திருத்தாமல் விட்ட பக்கங்களும் அதே பிரௌசரில் இன்றும் திறந்தாக வேண்டியிருப்பதால், ஒருமுறை சேர்த்ததை விலக்குவதற்கு மார்க்கமில்லை. 1995இல் பிரெண்டன் ஐக் பத்து நாட்களில் அமைத்த முதல் வடிவத்திலேயே, வெறுமையைக் குறிக்கும் ‘நல்’ என்பதன் வகையைக் கேட்டால் ‘ஆப்ஜெக்ட்’ என்று விடையளிக்கும் பிழை புகுந்துவிட்டது. அவ்விடையை நம்பி எழுதப்பட்ட தளங்கள் நிலைகுலையும் என்பதால், திருத்தும் யோசனை பிற்காலத்தில் எழுந்தும் கைவிடப்பட்டது.

பைப்லைன் இல்லாமையால் நேரும் நஷ்டம், இடைப்பட்ட விளைவுகளுக்குப் பெயரிட்டு வரிவரியாக எழுதும் சிரமம் மட்டுமே. அவசரத்தால் நேரும் நஷ்டமோ, இனி அப்பாஷையைக் கற்க வரும் ஒவ்வொருவர் தலையிலும் விழும். ஆகையால், இடக்குறியைப் பற்றி ஒருமித்த சம்மதம் பிறக்கும்வரை குழு காத்திருப்பதே உசிதம்.