பிரிவு உண்டு, கதை இல்லை

ஒரு தொடர்நாவலின் இரண்டாம் பாகத்துக்கு இரு கடமைகள் உண்டு. முதல் பாகம் திறந்துவிட்ட உலகை விரிப்பது ஒன்று. அங்கே முடியாமல் நின்ற பகைக்கு விடை சொல்வது மற்றொன்று. ஸ்டெஃபனி மேயரின் ‘ட்விலைட்’ (2005) நாவலைத் தொடர்ந்து 2006இல் வெளியான ‘நியூ மூன்’ இவ்விரண்டையும் தள்ளிப்போட்டுவிட்டுக் காதலிலேயே குடியிருக்கிறது.

காதல் மிகுந்துவிட்டது என்பதல்ல என் குறை. அகத்திணை பயின்றவர்கள் அப்படிச் சொல்லவும் இயலாது. பாலைத்திணையில் பிரிவு நிகழ்ந்ததுமே வெயிலும் நீரற்ற வழியும் ஆறலை கள்வரும் பாட்டுக்குள் வந்துவிடுகின்றனர். காதல் அங்கே உலகை உள்ளே அழைக்கிறது. மேயரிடமோ அது உலகை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திக்கொள்கிறது.

தொடக்கம் நன்றாகவே அமைந்திருக்கிறது. பெல்லாவின் பதினெட்டாம் பிறந்தநாளில் பரிசுப்பொதியின் காகிதம் விரலைக் கீறுகிறது. ஒரு துளி இரத்தம். காதலன் எட்வர்டின் குடும்பத்தவனான ஜாஸ்பர் அவள்மீது பாய்கிறான். இரத்தக்காட்டேரிகளோடு உறவாடுவதன் விலை ஒரு கணத்தில் புலப்பட்டுவிடுகிறது. அவளைக் காப்பதாக எண்ணி எட்வர்ட் விலகிப் போகிறான். அடுத்து, அக்டோபர் முதல் ஜனவரி வரை மாதப் பெயர்களை மட்டுமே தாங்கிய வெற்றுப் பக்கங்கள். நாவலின் மிகச் சிறந்த இடம் இதுவே. வெறுமையை இத்தனை சிக்கனமாகச் சொல்லத் தெரிந்தவர், பிறகு அதையே பக்கம் பக்கமாக விளக்கிக்கொண்டிருப்பதுதான் வருத்தம்.

முதல் பாகத்தில் தன் இணையைப் பறிகொடுத்த விக்டோரியா, பழிதீர்க்கக் காட்டில் அலைகிறாள் என்று கேள்விப்படுகிறோம். மோதல் நிகழ்வதேயில்லை, அக்கணக்கு 2007இல் வந்த ‘எக்லிப்ஸ்’ வரை ஒத்திவைக்கப்படுகிறது. ஜேக்கப் ஓநாயாக உருமாறுவதும், அவனுடைய இனக்குழுவின் பழங்கதை உயிர்பெறுவதும்கூட, பெல்லா யாரைத் தேர்வாள் என்ற கேள்விக்குள் சுருங்கிவிடுகின்றன.

என் ஏமாற்றம் உச்சமடைந்தது இத்தாலியின் வோல்டெர்ரா நகரில். பெல்லா இறந்துவிட்டாள் என நம்பிச் சாகத் துணிந்த எட்வர்டை அவள் ஓடிவந்து தடுக்கிறாள். காட்டேரிகளை ஆளும் வோல்தூரியினர், அவளும் காட்டேரியாக வேண்டும் என்ற நிபந்தனையோடு இருவரையும் போகவிடுகின்றனர். அவர்கள் வெளியேறும் வேளையில் சுற்றுலாப் பயணிகளின் கூட்டமொன்று இரையாக உள்ளே அழைத்துச் செல்லப்படுகிறது. அலறல் கேட்கிறது. பெல்லா அழுகிறாள். விரைவிலேயே பேச்சு திசைமாறி, எட்வர்ட் தன்னை இன்னும் நேசிக்கிறானா என்பதில் வந்து நிற்கிறது. அவ்வினத்தில் ஒருத்தியாக விழையும் பெண்ணுக்கு அந்த அலறலைவிடக் கூர்மையான கேள்வி வேறென்ன இருக்க முடியும்? நாவல் அதைக் கேட்க மறுக்கிறது.

பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’விலும் (1897) காதல் உண்டு. லூசியை விரும்பிய மூவரும் அவள் சாவுக்குப் பின் வேட்டைக்குப் புறப்படுகின்றனர். மினா நாட்குறிப்புகளைத் தட்டச்சு செய்து தொகுத்துத் தருகிறாள். அங்கே அன்பு செயலாகிறது, செயலே கதையாகிறது.

பதின்ம வயதினருக்கான நூல்தானே என்று நண்பர்கள் சமாதானம் சொல்லக்கூடும். காதலை முதன்முதலாக அறியும் அவ்வயதினருக்குத்தான், அதன் விலையைப் பிறர் செலுத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாத கதை தேவைப்படுகிறது.