பீங்கான் சக்கரமா, ஸ்டீல் சக்கரமா?

பட்டறையை விட்டு வந்து பல வருடம் ஆகியும் இந்தக் கேள்வி என்னை விடுவதாயில்லை. கோயிலில் பார்த்தாலும் கல்யாண வீட்டில் பார்த்தாலும், "அங்கிள், டர்போவுக்கு செராமிக் சக்கரம் நல்லதா, ஸ்டீலா?" என்று எவனாவது ஒரு பையன் வந்து நிற்பான். கம்பெனி விட்டபடியே ஓட்டுவதென்றால் செராமிக் இருக்கட்டும். பூஸ்ட்டில் கை வைப்பதாக இருந்தால் முதலில் ஸ்டீல் மாற்று, மற்றதெல்லாம் பிறகு. இதுதான் என் கட்சி.

செராமிக் என்றதும் நம் வீட்டுப் பீங்கான் கோப்பையை நினைக்க வேண்டாம். இது சிலிக்கான் நைட்ரைடு. செக்கச் சிவக்கக் காய்ந்தாலும் உருகாது, வளையாது. 1985-ல் நிசான் தன் ஃபேர்லேடி காரில் இதைக் கொண்டுவந்தது. எடைதான் காரணம். ஒரு கன சென்டிமீட்டர் சிலிக்கான் நைட்ரைடு சுமார் 3.2 கிராம், உலோகச் சக்கரம் 8 கிராம் பக்கம் வரும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகவேண்டிய சக்கரம் லேசாக இருந்தால் சட்டென்று வேகம் பிடிக்கும். ஆக்ஸிலேட்டரை மிதித்த பிறகு கார் ஒரு கணம் யோசிக்குமே, அந்த யோசனை குறையும். ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சுகம்தான்.

நாம் ஸ்டீல் ஸ்டீல் என்று சொல்வதும் உண்மையில் ஸ்டீல் இல்லை. நிக்கல் கலவை. காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டாது. பெயர் நிலைத்துவிட்டது, இருக்கட்டும்.

செராமிக்கின் குணம், அது எச்சரிக்கை கொடுக்காது. உலோகம் கொஞ்சம் நீளும், உரசும், சத்தம் போடும், கேட்டு நிறுத்திவிடலாம். செராமிக் அளவுக்கு மீறிச் சுற்றினாலோ, சின்னத் துரும்பு ஒன்று பட்டாலோ, ஒரே நொடியில் தூள்.

நம் மலேசியாவில் சிக்கலே ஹாஃப்-கட்டில்தான். ஜப்பானில் ஓடிய காரைப் பாதியாக அறுத்து என்ஜினோடு கப்பலேற்றி அனுப்புகிறார்கள். டர்போவுக்குள் என்ன சக்கரம் என்று விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. அப்படி ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ என்ஜின் ஒன்றை ஒரு தம்பி வாங்கிப் போட்டான். ஓவர்டைம் செய்து சேர்த்த காசு. மறுவாரமே பூஸ்ட் கன்ட்ரோலரை மாட்டி ஏற்றிவிட்டான். நெடுஞ்சாலையில் லாரியை முந்தும் நேரம் பார்த்து இழுவை போய்விட்டது. எதிரே வண்டி வராத பாதை, பிழைத்தான். எக்ஸாஸ்ட் குழாயைக் கழற்றிக் கவிழ்த்தேன். கறுப்புச் சில்லுகள் கொட்டின. தண்டு முனையில் சக்கரமே இல்லை.

"ஜப்பான்காரன் செஞ்சது உடையுமா அங்கிள்?" என்றான். ஜப்பான்காரனுக்கு அதன் எல்லை தெரியும். 1989-ல் வந்த ஸ்கைலைன் ஜி.டி.ஆர். காரில் செராமிக் வைத்த அதே நிசான், பந்தயத்துக்கென்று விட்ட என்1 ரகத்தில் ஸ்டீல்தான் வைத்தது. டொயோட்டாவும் 1993 சுப்ராவில் உள்ளூருக்கு செராமிக், ஏற்றுமதிக்கு ஸ்டீல் என்று பிரித்தது. செய்தவனே பிரித்து வைத்திருக்கும்போது நாம் ஒன்றாகக் குழப்பக்கூடாது.

ஸ்டீல் வைத்தால் டர்போ எழும்பக் கொஞ்சம் தாமதமாகுமே என்பார்கள். ஆகும். கோலாலம்பூர் நெரிசலில் அந்தத் தாமதம் யாருக்குத் தெரியப்போகிறது? பிறகு மிட்சுபிஷி டைட்டானியம்-அலுமினியக் கலவையில் சக்கரம் செய்து லான்சர் எவலூஷனில் போட்டது. லேசும் உண்டு, செராமிக் மாதிரி நொறுங்கவும் செய்யாது. ஆனால் அது நம் ஹாஃப்-கட் கடையில் சுலபமாகக் கிடைக்கிற சாமான் இல்லை.

ஆகவே தம்பிமார்களே, காசு கொடுக்குமுன் டர்போவின் எக்ஸாஸ்ட் பக்கத்து முழங்கைக் குழாயைக் கழற்றச் சொல்லுங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். கரும்பலகை மாதிரி மங்கிய கறுப்பாக, உலோகப் பளபளப்பு எங்குமே இல்லாமல் இருந்தால் செராமிக் என்று சந்தேகப்படலாம். புகைக்கரி படிந்தால் ஸ்டீலும் கறுப்பாகத்தான் தெரியும்; நடு முனையைத் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். கழற்ற முடியாது என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.