கொடையாளர் பதிவேடு ஊர்க்கணக்கு அல்ல

ரத்த வகைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைத் தேடும் ஆய்வை நம் துறையில் யாரும் சுலபமாகத் தொடங்கிவிடலாம். நோயாளியின் வகை கேஸ் ஷீட்டிலேயே இருக்கிறது. ஒப்பிட ரத்த வங்கியின் பதிவேடு பக்கத்திலேயே இருக்கிறது. சிக்கலும் அந்தப் பதிவேட்டில்தான். ஓ நெகட்டிவ் இருப்பு குறைந்தால் முதலில் யாருக்குப் போன் போடுகிறோம்? திரும்பத் திரும்பக் கொடை தருபவர்களில் ஓ வகையினரின் பங்கு ஊரில் இருப்பதைவிடக் கூடிவிட வாய்ப்புண்டு. அவர்களோடு ஒப்பிட்டால் எந்த நோய்க்கும் ஓ வகை கவசமாகத்தான் தெரியும்.

2020-இல் இத்தாலி, ஸ்பெயின் மருத்துவமனைகளில் கோவிட்டால் மூச்சுத்திணறிய 1,610 பேரை வைத்துச் செய்த மரபணு ஆய்வு, ஏ வகைக்கு ஆபத்து கூடுதல், ஓ வகைக்குக் குறைவு என்றது. அதன் ஒப்பீட்டுக் குழுவிலும் கொடையாளர்கள் கணிசம். செய்தி படித்தவர்களுக்கு அது தெரிய வழியில்லை. ‘நான் ஏ பாசிட்டிவ், பயப்படணுமா டாக்டர்?’ என்ற கேள்விதான் நம்மிடம் வந்தது.

காலராவில் வேறு வழியில் போனார்கள். வங்கதேசத்தில் நோயாளிகளின் வீட்டாரையே தொடர்ந்து கவனித்தார்கள். 1985-இல் முடிவு வெளியானது. யாருக்குத் தொற்றும் என்பதில் ரத்த வகைக்குப் பங்கில்லை. தொற்றியவர்களில் ஓ வகையினருக்கே பேதி கடுமையாயிற்று. 1992-இல் சென்னையில் தலைகாட்டிய ஓ139 கிருமியிலும் இதே போக்கு காணப்பட்டது. (கிருமியின் பெயரிலுள்ள ஓ-வுக்கும் ரத்த வகைக்கும் சம்பந்தமில்லை என்று முதுநிலை மாணவர்களுக்குச் சொல்லிவைப்பது நல்லது.) கங்கை டெல்டாவில் ஓ வகை குறைந்ததே காலராவால்தான் என்ற ஊகம் சுவையானது, நிறுவப்பட்டதல்ல.

கொடையாளர்களை வைத்தே செய்தும் பிழையாகாத ஆய்வும் உண்டு. 1987-இல் 1,117 கொடையாளர்களிடம் வான் வில்பிராண்ட் காரணியை அளந்தபோது ஓ வகையினரின் சராசரி 74.8 யூனிட், ஏபி வகையினரின் சராசரி 123.3 யூனிட். எந்த வகையில் எத்தனை பேர் வந்தார்கள் என்பது அங்கே கேள்வியே அல்ல. ஒவ்வொருவரிடமும் எவ்வளவு இருக்கிறது என்பதே கேள்வி. ஓ அல்லாதோருக்குச் சிரைகளில் ரத்தம் உறைவது கூடுதல் என்ற பழைய கண்டறிதலும் இதோடு பொருந்துகிறது.

இனி இவ்விதழுக்கு வரும் கட்டுரைகளில், கொடையாளர்களோடு ஒப்பிட்டிருந்தால், முதல்முறை கொடுத்தவர்களின் கணக்கைத் தனியே காட்ட வேண்டும். குறிப்பிட்ட வகை தேவை என்று அழைத்துவரப்பட்ட உறவினர்களை நீக்கிவிட வேண்டும். மாவட்டமும் சமூகமும் இரு குழுக்களிலும் ஒத்துப்போக வேண்டும். இவை இல்லாத கைப்பிரதிகள் மதிப்பாய்வுக்கு அனுப்பப்பட மாட்டா.