தேவதாரு மரங்களும் மலை மக்களும்

மனிதனின் கைபடாத இயற்கையைக் காணவேண்டுமாயின் மலைநாட்டுத் தேசியப் பூங்காக்களுக்குச் செல்லவேண்டும் என்று உல்லாசப் பிரயாண எழுத்தாளர் சிலர் ஓயாது எழுதி வருகின்றனர். இக்கூற்று அழகானது, ஆனால் பொய்யானது. அல்ஜீரியாவின் ஜுர்ஜுரா மலை ஒன்றே இதனை நிறுவப் போதிய சான்றாகும்.

மத்தியதரைக் கடலுக்கு அண்மையிலே, கபிலியப் பிரதேசத்தில், இம்மலையின் லல்லா கதீஜா சிகரம் 2,308 மீற்றர் உயர்ந்து நிற்கின்றது. மலைச்சாரலில் அட்லஸ் தேவதாருவும் என்றும் பசுமை மாறா ஓக் மரங்களும் செழித்துள்ளன. வாலற்ற பார்பரிக் குரங்கு, வரிக் கழுதைப்புலி, பாறு முதலியன அங்கே வாழ்கின்றன. 1983இல் தேசியப் பூங்காவாகவும், 1997இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோள ஒதுக்கமாகவும் இவ்விடம் பிரகடனப்படுத்தப்பட்டது. இவ்வெழிலை யாரும் மறுக்கப்போவதில்லை. மனிதரற்ற எழிலாக அதனைக் காட்டுவதையே நாம் எதிர்க்கின்றோம்.

தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்த்தும், ஒலிவ மரங்களையும் அத்தி மரங்களையும் பேணியும், விறகு பொறுக்கியும் கபிலிய உழவர் வாழ்ந்த மலை அது. 1830இல் அல்ஜீரியாவுக்குள் நுழைந்த பிரெஞ்சு ஏகாதிபத்தியம் 1857இல் இம்மலைகளை அடிமைப்படுத்திற்று. 1871இல் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அதற்குத் தண்டனையாக ஏறக்குறைய 450,000 ஹெக்டேயர் நிலம் பறிக்கப்பட்டது. 1874ஆம் ஆண்டுச் சட்டமோ, காட்டில் தீப்பற்றினால் குலக்குழு முழுவதற்கும் கூட்டுத் தண்டம் விதிக்க வழிசெய்தது. மேய்ச்சற்காரன் காட்டின் பகைவன் என்னும் சித்தாந்தம் இவ்வாறே சட்டப்புத்தகத்தில் ஏறிற்று. அதே நூற்றாண்டில் கரையோரத் தக்கை ஓக் காடுகள் ஐரோப்பிய முதலாளிகளுக்குத் தாரைவார்க்கப்பட்டன. உழவனின் ஆடு தழை தின்றால் அழிவு. முதலாளி போத்தற் தக்கைக்குப் பட்டையுரித்தால் அபிவிருத்தி!

ரோமரின் தானியக் களஞ்சியமாய் விளங்கிய பூமியை அராபிய நாடோடிகள் பாழாக்கினர் என்ற கதையும் இந்நோக்கத்துக்கே பயன்பட்டது. சுற்றாடல் வரலாற்றை ஆராய்ந்த டயானா டேவிஸ் 2007இல் வெளியிட்ட நூல் அக்கதையின் அத்திவாரத்தையே தகர்த்துள்ளது.

1954 முதல் 1962 வரை நடந்த விடுதலைப் போரிலே பிரெஞ்சு இராணுவம் மலைக்கிராமங்களை வெறுமையாக்கித் தடைவலயங்களை அமைத்தது; நேபாம் குண்டுகளையும் வீசியது. நாடெங்கும் இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். இத்தகைய மலைகளின் அமைதியை இயற்கையின் கொடை என்று மட்டும் வருணிப்பது சரித்திரத்தை மூடிமறைப்பதன்றி வேறென்ன?

மேய்ச்சலால் தீங்கே இல்லையா எனச் சிலர் வினவலாம். உண்டு. அளவு மீறிய மேய்ச்சல் தேவதாருக் கன்றுகளை அழிக்கும். அவ்வாறே, தெருவோரத்தில் உல்லாசப் பிரயாணி எறியும் தீனி குரங்கின் இயல்பைக் கெடுக்கும். முன்னவனுக்குத் தண்டம், பின்னவனுக்கு வரவேற்பு என்பது எவ்வகை நீதி? 2021 ஆகஸ்டில் கபிலியப் பிரதேசத்தில் மூண்ட பெருந்தீ குறைந்தது 90 உயிர்களைக் குடித்தது. வாளிகளையும் மரக்கிளைகளையும் ஏந்தி அத்தீயுடன் போராடியவர்களுள், ஒரு காலத்தில் தீவைப்போர் எனக் கூட்டாகத் தண்டிக்கப்பட்ட அம்மலை மக்களின் சந்ததியினரும் இருந்தனர்.

ஆகவே, காட்டைக் காக்கும் எத்திட்டமும் அக்காட்டோடு வாழும் மக்களின் மேய்ச்சல் உரிமையையும் அனுபவ அறிவையும் ஏற்று, தீர்மானிக்கும் சபையிலே அவர்களுக்கு இடமளித்தல் வேண்டும். மத்தியதரைத் தாவரங்களைப் புவியியற் பாடமாகக் கற்பிக்கும் நம் ஆசிரியர்கள், 1871ஐயும் 1874ஐயும் அதே பாடவேளையிற் கற்பிப்பார்களாக.